பழைய இராணுவத் தோல்வார்களில் பூசியிருக்கும் பெயின்ற்றை எடுத்து மறுபடி மெருகூட்டுவது எப்படி?

மானிப்பாயான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் கிடக்கும் இரண்டு பழைய தோற்பொருள்களைத் திருத்தி எடுக்க விரும்புகிறேன். கை வைப்பதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே அணியும் தோல் ரவைப்பட்டி. முன்புறத்தில் ஐந்து பைகள் உண்டு. ஒவ்வொரு பையின் மூடியும் ஒரு பித்தளைக் குமிழில் மாட்டிக்கொள்கிறது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் சிலோன் கறிசன் ஆட்டிலறிப் படையில் சேர்ந்து திருகோணமலையில் பணியாற்றிய என் அப்பப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். வாரின் உட்புறத்தில் ஓர் அம்புக்குறியும் 1915 என்ற எண்ணும் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கின்றன. எழுபதுகளில் எங்கள் ஊர்க் கூத்துக் குழுவினர் அரச சேவகன் வேடத்துக்காக இதை இரவல் வாங்கி, பளபளப்பான கறுப்புப் பெயின்ற் பூசி, மூடிகளின் ஓரத்தில் தங்க நிறக் கோடும் போட்டுவிட்டார்கள். 1995ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது. ஆனால் உள்ளே பூஞ்சணம் பிடித்து, பைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இப்போது கறுப்புப் பூச்சு செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. எழும்பிய இடங்களில் செம்மண் நிறத்தில் நல்ல தோல் தெரிகிறது.

இரண்டாவது, அப்பப்பாவின் தம்பி பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தபோது அணிந்த சாம் பிரவுண் இடுப்புவாரும் அதன் குறுக்குத் தோள்வாரும். இதற்கு நிறப் பெயின்ற் எதுவும் பூசப்படவில்லை. ஆனால் கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு ஒன்று மேலே இருக்கிறது. அது மஞ்சளித்து, வளையும் இடங்களிலெல்லாம் நுண்ணிய வெடிப்புகள் விட்டிருக்கின்றன.

விசாரித்தவர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாகச் சாயம் ஏற்றச் சொன்னார். இன்னொருவர் சலவைச் சோடாவைச் சுடுநீரில் கரைத்து ஊற வைக்கச் சொன்னார். ரின்னரில் அமிழ்த்தி எடுத்தால் போதும் என்பவர்களும், பெயின்ற் போனபின் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைத்தால் தோல் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றை அணியும் எண்ணமோ விற்கும் எண்ணமோ எனக்கு இல்லை. அடுத்த தலைமுறையிடம் கொடுக்கக்கூடிய நிலையில் இவை இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்வீர்களா?

சுவடிக்காப்பு

வணக்கம் ஐயா. பழைய நூல்களின் தோற்கட்டுகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட நான்கு வழிகளையும் முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அதற்கும் முன்பாக ஒரு விடயம். அந்த ரவைப்பட்டி பிரித்தானியப் படையின் 1903ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தது போலத் தெரிகிறது. அதில் ஒரு பைக்குப் பத்து ரவைகள் என்ற கணக்கில் ஐந்து பைகளுக்கும் ஐம்பது ரவைகள் கொள்ளும். ஒட்டிப்போன மூடிகளைத் திறக்கும்போது உள்ளே ஏதாவது உருண்டால் அல்லது கனத்தால், கையை விட்டுத் துழாவாமல் அப்படியே வைத்துவிட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள். பழைய ரவை பார்வைக்குச் செத்தது போல இருந்தாலும் அதை நம்பக்கூடாது.

இனித் தோலுக்கு வருகிறேன். அந்தக் காலத்து இராணுவத் தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிடப்பட்டு, எண்ணெயும் கொழுப்பும் மெழுகும் ஊட்டப்பட்ட தோல். அதன் மினுக்கம் தோலுக்குள் இறங்கிய மெழுகால் வந்தது. மேலே படலமாக நிற்கும் பூச்சு எதுவும் அதற்கு இருந்ததில்லை. ஆகவே உங்கள் ரவைப்பட்டியில் செதிலாக எழும்புவது எதுவானாலும் அது பிற்காலத்தில் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பழைய படைப்பொருளுக்கும் இதே விதியைப் போட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளிவிதை எண்ணெயையும் விளக்குக் கரியையும் காய்ச்சிப் பல படையாகப் பூசிக் கறுப்பாக மெருகேற்றிய ரவைப்பெட்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் அந்தப் பூச்சே மூல வேலைப்பாடு. அதைச் சுரண்டினால் பொருளையே அழித்ததாகிவிடும். இதை வாசிக்கும் வேறு யாரிடமாவது அப்படிப்பட்ட பொருள் இருந்தால் தயவுசெய்து அதில் கை வைக்க வேண்டாம்.

சாண்ட்பேப்பரை ஏன் விலக்கச் சொல்கிறேன் என்றால், மயிர்க்கால் தடங்கள் தெரியும் தோலின் மேற்படை ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்புள்ளது. அதற்குக் கீழே இருப்பது தளர்ந்த நார். மேற்படை ஒருமுறை தேய்ந்துவிட்டால் நார் வெளியே வந்து பஞ்சுபோல நிற்கும். பிறகு ஏற்றும் சாயத்தை ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் குடிக்கும். அம்புக்குறியும் ஆண்டும் பதிந்திருப்பதும் அந்த மேற்படையில்தான். சலவைச் சோடா காரம். பட்டைச்சாற்றுத் தோல் இயல்பிலேயே சிறிது அமிலத் தன்மை கொண்டது. காரம் பட்டால் கருகிய நிறமாகி, பதனிட்ட சத்தும் கரைந்து வெளியேறும். சுடுநீர் அதைவிடக் கெடுதல். நல்ல நிலையில் உள்ள பட்டைச்சாற்றுத் தோலே ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ 75 முதல் 85 பாகை செல்சியசில் சுருங்கிவிடும்; வயதாகிச் சிதைந்த தோலுக்கு அதற்கு மிகக் குறைந்த சூடே போதும். தகரக் கூரைக்குக் கீழும் நேர்வெயிலிலும் வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

முதல் வேலை, தோல் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பது. வாரின் உட்புறத்தை, குறிப்பாகக் கொக்கிக்கு அருகில் மடியும் இடத்தை, உலர்ந்த விரலால் மெல்லத் தடவுங்கள். விரலில் செந்தூள் ஒட்டினால் அங்கே தோல் அமிலத்தால் உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய நூற்கட்டுகளில் நான் அன்றாடம் காண்கிற நோய் அது. அந்த இடத்தில் ஒரு துளி நீரும் படக்கூடாது. பட்டால் கறுத்துக் கட்டையாகிவிடும்; பிறகு மீட்க வழியில்லை.

இரண்டாவது வேலை, பூச்சு எது என்று அறிவது. வெளியே தெரியாத ஒரு மூலையில், காதுக்குப் போடும் பஞ்சுக்குச்சியால் சோதியுங்கள். முதலில் மினரல் தர்ப்பந்தைலம்: அதில் கரைந்து வந்தால் அது பல ஆண்டுச் சப்பாத்துப் பொலிஷ் மெழுகு, வேறு ஒன்றும் தேவைப்படாது. அடுத்து மெதிலேற்றட் ஸ்பிரிற்: அதில் ஒட்டும் பசையாகி இளகினால் அரக்குப் பூச்சு, அதாவது தச்சர்கள் தளபாடத்துக்குப் பூசுவது. மூன்றாவதாக அசற்றோன்: பட்டவுடனே கரைந்தால் நைட்றோசெலுலோஸ் லாக்கர். கரையாமல் சற்று நேரத்தில் தோல் உரிவதுபோலச் சுருங்கி எழும்பினால் எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ற். எதற்கும் அசையாவிட்டால் பொலியூரிதேன் ஆக இருக்கலாம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், ஏனென்றால் மெல்லிய கரைப்பானில் தொடங்கினால்தான் தேவைக்கு மேல் போகாமல் இருக்க முடியும்.

பஞ்சில் வரும் நிறத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். கறுப்பு வந்தால் பூச்சு வருகிறது. செங்கபிலம் வரத் தொடங்கினால் தோலின் சொந்தச் சாயம் வருகிறது, உடனே நிறுத்துங்கள். சில வார்களில் கறுப்பு நிறம் பூச்சாக இல்லாமல், இரும்பு உப்பு பட்டைச்சாற்றோடு சேர்ந்து தோலுக்குள்ளேயே பிறந்த கறுப்பாக இருக்கும். அதை எந்தக் கரைப்பானும் எடுக்காது. எடுக்க முயலவும் கூடாது. சோதித்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். அதன்பிறகு அடுத்ததைச் சொல்கிறேன்.

தின்னவேலித் தோல்வேலை

தங்கச்சி சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். தோற்பை, இடுப்புவார் செய்யும் பட்டறை நடத்துபவன் என்ற வகையில் சில விடயங்களைச் சேர்க்கவும் ஓரிடத்தில் மாறுபடவும் விரும்புகிறேன்.

எனாமல் பெயின்ற் மெழுகு ஏறிய தோலில் ஒருபோதும் நன்றாகப் பிடிப்பதில்லை. அதனால் கரைப்பானை எடுப்பதற்கு முன், உலர்ந்த நிலையிலேயே எவ்வளவு வரும் என்று பாருங்கள். மூங்கிலைச் சீவி, நுனியைத் தட்டையாக்கி, கூர் இல்லாமல் மழுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எழும்பி நிற்கும் செதிலின் ஓரத்துக்குக் கீழே அதைத் தோலோடு படுக்க வைத்துத் தள்ளினால், சரியான இடத்தில் செதில் சிறு ஒலியோடு துள்ளி விழும். அடியில் மினுங்கும் தோல் தெரியும். தள்ளும்போது கை கனத்தால் அந்த இடம் இன்னும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு அடுத்த செதிலுக்குப் போங்கள். தையல் துளைகளுக்குள் இருக்கும் பெயின்ற்றுக்குப் பனை ஈர்க்கைப் போல் உதவுவது வேறில்லை. ஊசி நூலை அறுக்கும், ஈர்க்கு அறுக்காது. ஒட்டுநாடாவை ஒட்டி இழுப்பதை மட்டும் செய்ய வேண்டாம். பெயின்ற்றோடு தோலின் மேற்படையும் சேர்ந்து வந்துவிடும்.

எண்ணெய் பற்றி ஊரில் நிலவும் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உருகுவது. எங்கள் வெப்பத்தில் அது எப்போதும் நீராகவே இருந்து தோலுக்குள் அலைந்துகொண்டிருக்கும். மாரி வந்ததும் பூஞ்சணத்துக்கும் அது விருந்து. நல்லெண்ணெய் காற்றில் மெல்ல மெல்லப் பிசினாகிப் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் முற்றாகக் காய்ந்து தோலை விறைக்க வைக்கும். சேணம் செய்பவர்கள் பயன்படுத்திய மாட்டுக்கால் எலும்பெண்ணெய் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் காய்ந்துபோகாத ஆமணக்கெண்ணெய் பரவாயில்லை. எதுவானாலும் துணியில் ஒற்றி, உட்புறத்தில் மெல்லியதாக ஒரு முறை தடவி, சில நாள் விட்டுப் பார்த்த பிறகே மறுமுறை. எண்ணெய் குடித்து நீண்டுபோன வாரை எவராலும் சுருக்க முடியாது.

பித்தளைக்கும் ஒரு வார்த்தை. குமிழ்களையும் கொக்கிகளையும் குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்க நினைப்பீர்கள். புளியின் அமிலம் தோலில் ஊறிக் கறை விழும். பிராசோ போட்டால் வெண்தூள் தையலுக்குள் போய்ப் படியும்; போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு மட்டையைக் கீறி உலோகத்துக்கும் தோலுக்கும் இடையில் செருகிக்கொள்ளுங்கள்.

நான் மாறுபடும் இடம் இதுதான். முழுப் பெயின்ற்றையும் எடுத்த பிறகு நிறம் வெளிறிய இடங்களுக்குச் சாயம் கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. பார்ப்பவருக்கு அது ஒரே பொருளாகத் தெரிய வேண்டும். திட்டுத்திட்டாக நிற்கும் வாரை யாரும் எடுத்து வைத்துப் பேணமாட்டார்கள்.

மானிப்பாயான்

இருவருக்கும் மிக்க நன்றி. பைகள் வெறுமையாகவே இருந்தன. சோதித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

சாம் பிரவுண் வாரில் தர்ப்பந்தைலம் சிறிதளவு கபிலநிறப் பொலிஷை மட்டும் எடுத்தது. மெதிலேற்றட் ஸ்பிரிற் பட்டதும் தெளிந்த பூச்சு பிசின்போல இளகிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டது. ரவைப்பட்டியின் கறுப்பு ஸ்பிரிற்றுக்கு அசையவில்லை. அசற்றோனில் சற்றுப் பொறுத்துச் சுருங்கி எழும்பியது. உலர்ந்த நிலையில் மூங்கிலால் தள்ளியதில் வாரின் நீண்ட பகுதியில் பெரும்பாலும் வந்துவிட்டது. பைகளின் மடிப்புகளிலும் மூடிகளிலும் பிடிவாதமாக நிற்கிறது. கொக்கி மாட்டும் முனையில் விரல் வைத்தால் செந்தூள் வருகிறது. பித்தளைக் குமிழ்களைச் சுற்றி, தங்க நிறக் கோடு தொடும் இடங்களில், மெழுகு போன்ற பச்சைப் படிவு நிறைய இருக்கிறது.

தங்கக் கோடு பற்றி ஒரு தயக்கமும் உண்டு. அந்தக் கூத்தில் இதை அணிந்து ஆடியவர் என் தந்தையார். கோட்டை முற்றாக எடுத்துவிடுவதா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இருக்கிறது.

சுவடிக்காப்பு

தெளிவாகச் சோதித்திருக்கிறீர்கள் ஐயா. சாம் பிரவுண் வாரில் இருப்பது அரக்கு. அரக்கைக் கரைக்கும் அதே ஸ்பிரிற் தோலின் சாயத்தையும் கரைக்கக்கூடும் என்பதால் பஞ்சைத் தேய்க்காமல் உருட்டுங்கள். உள்ளங்கை அகல இடத்தை எடுத்துக்கொண்டு, பஞ்சு அழுக்கானதும் வீசிவிட்டுப் புதியதை எடுங்கள். அழுக்கான பஞ்சு கரைந்த அரக்கை மீண்டும் தோலுக்குள் செலுத்தும். எல்லா அரக்கையும் எடுக்க வேண்டியதில்லை. வெடித்த படலம் போய், தோல் வளையும்போது வெடிப்புக் கோடு தெரியாத நிலை வந்தால் போதும்.

ரவைப்பட்டியில் மிஞ்சிய எனாமலுக்குச் சிறு பருத்தித் துண்டை அசற்றோனில் நனைத்துப் பிழிந்து, பூச்சின் மேல் மட்டும் வைத்து, பொலித்தீன் தாளால் மூடுங்கள். பூச்சு சுருங்கியதும் துண்டை எடுத்துவிட்டு மூங்கிலால் நீக்குங்கள். பொருளை அமிழ்த்தினாலோ மேலே ஊற்றினாலோ கரைந்த கறுப்பு தோலின் நாருக்குள் இறங்கிவிடும். தோலில் உள்ள கொழுப்பும் கரைப்பானோடு வெளியேறும். அதனால்தான் அமிழ்த்துவதை முதலிலேயே மறுத்தேன். வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். சுவாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. பெயின்ற் கடைகளில் கிடைக்கும் கடும் உரிப்பான்களில் மெதிலீன் குளோறைட் இருக்கக்கூடும். அது தோலுக்கும் கெடுதல், மூடிய அறையில் உயிருக்கும் ஆபத்து.

செந்தூள் வரும் முனையைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே அசற்றோன் துண்டு வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஹைட்றொக்சிப்றொப்பில் செலுலோஸ் என்ற தூளை நீர் கலவாத ஐசோப்றொப்பில் அற்ககோலில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் கரைத்து, மென்தூரிகையால் ஊட்டினால் உதிரும் நார் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். நூற்பாதுகாப்பில் நெடுங்காலமாகப் பயன்படுவது இது. நிறத்தையும் அதிகம் மாற்றாது. இழந்த வலிமையை அது திருப்பித் தராது என்பதால் அந்த முனையைக் கொக்கியில் மாட்டி மடிக்காமல் நேராக வைத்திருக்க வேண்டும்.

பித்தளையைச் சுற்றியுள்ள பச்சைப் படிவு, செம்பும் தோலின் கொழுப்பும் சேர்ந்து உண்டான களிம்பு. சைவசித்தாந்தத்தில் ஆணவத்துக்கு உவமையாகச் சொல்லும் செம்பிற் களிம்புக்கு உறவானதுதான். தங்க நிறப் பெயின்ற் என்பதும் நுண்ணிய பித்தளைத் தூளை வார்னிஷில் கலந்தது. ஆகவே அங்கே கோடும் சேர்ந்து பச்சை பூத்ததில் வியப்பில்லை. ஈர்க்கு நுனியால் எடுத்துவிட்டு, தர்ப்பந்தைலத்தில் சிறிது நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். கையுறை அணிந்து எண்ணெயை உலோகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோகாமல் தடவினால் மீண்டும் பூப்பது குறையும்.

கோட்டைப் பற்றி: ஒரு மூடியில் மட்டும் கறுப்பையும் தங்கத்தையும் இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்பேன். 1915இல் செய்யப்பட்ட ஒரு பொருள் எழுபதுகளில் கூத்து மேடை ஏறியதும் அதன் வரலாறே. நாம் எடுக்கத் துணிவது அது தோலுக்குச் செய்யும் கேட்டை. பூச்சு இன்னும் உறுதியாகப் பிடித்திருக்கும் மூடியைத் தெரிந்தெடுங்கள். வேலை தொடங்கும் முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, யார் அணிந்தது, எந்தக் கூத்து என்பதையெல்லாம் எழுதி, பெட்டிக்குள் வையுங்கள்.

தின்னவேலி ஐயா சாயம் பற்றிச் சொன்னதை மதிக்கிறேன். ஆயினும் சாயம் நாருக்குள் இறங்கினால் இனி எவராலும் திரும்ப எடுக்க முடியாது. நிறமூட்டிய மெழுகுப் பொலிஷ் அதே கண்பார்வையைத் தரும். வேண்டாதபோது தர்ப்பந்தைலத்தால் துடைத்துவிடலாம். வெளிறிய இடங்களில் முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். மேலே மீண்டும் லாக்கரோ அக்றிலிக்கோ வேண்டாம். இப்போது நீங்கள் படும் பாட்டை இன்னொருவர் படக்கூடாது.

தின்னவேலித் தோல்வேலை

விற்கும் பொருளுக்கும் வைத்துப் பேணும் பொருளுக்கும் வேறுபாடு உண்டு என்ற அளவில் தங்கச்சியின் கருத்தை ஏற்கிறேன். சாயத்தை விட்டு மெழுகோடு நிறுத்துங்கள்.

மெழுகு ஏற்றும் முறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரைப்பான் மணம் முற்றாகப் போகும்வரை நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு எண்ணெயை உட்புறத்தில் ஒற்றி, தோல் அதைக் குடித்து முடித்ததும் கபிலநிற மெழுகுப் பொலிஷை விரலில் சுற்றிய பருத்தித் துணியால் சிறு வட்டமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படையும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். அக்காலச் சிப்பாய்கள் வழவழப்பான எலும்பால் அழுத்தித் தேய்த்து மேற்பரப்பைச் சமப்படுத்தினார்கள்; உங்கள் தோல் இருக்கும் வயதுக்கு அந்த அழுத்தம் வேண்டாம், குதிரைமயிர்த் தூரிகை போதும். தேன்மெழுகு கலந்த பொலிஷானாலும் சூடாக்கி ஊற்ற வேண்டாம். தேன்மெழுகு உருகும் 62 பாகைச் சூட்டைப் பழைய தோல் தாங்காது.

எங்காவது ஈரத்துணி பயன்படுத்த வேண்டி வந்தால், அதுவும் செந்தூள் இல்லாத இடத்தில் மட்டும், கிணற்றுநீரைத் தவிருங்கள். எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படிவாகத் தோலில் நின்றுவிடும். பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடிநீர் மலிவானது, அதுவே போதும். வேலையைச் சோளகக் காற்றுக் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. மாரிக்குள் ஈரப்பதன் ஏறிவிட்டால் புதிதாக ஊட்டிய எண்ணெயில் பூஞ்சணம் பற்றும். முடிந்ததும் பொலித்தீன் பையில் கட்டி வைக்காமல், பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, பைகளுக்குள் அமிலமற்ற தாளைக் கசக்கி நிரப்பி, சுவரை ஒட்டாத அலுமாரித் தட்டில் நேராகக் கிடத்துங்கள். பிறகு மேலே வெண்மை பூத்தால் விரலின் சூட்டை வைத்துப் பாருங்கள்: இளகி மறைந்தால் மேலெழுந்த கொழுப்பு, மறையாமல் புழுக்க மணம் வீசினால் பூஞ்சணம். பூஞ்சணமென்றால் வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

பாண்ட் ஆசிரியர்

இதே விடயத்தோடு தொடர்பானது என்பதால் கேட்கிறேன். எங்கள் பாடசாலை வாத்தியக் குழுவின் பெரிய மேளம் தாங்கும் வார்களும் குறுக்குவார்களும் மிகப் பழையவை. ஒவ்வோர் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் முன்னர் வெள்ளைப் பெயின்ற் பூசிப் பூசி இப்போது தடித்து வெடிக்கின்றன. அடியில் உள்ள தோல் மஞ்சள் கலந்த வெண்மையாக, மெத்தென்று, இரு பக்கமும் ஒரே மாதிரி மயிர்ப்பஞ்சாகத் தெரிகிறது. இவற்றையும் இதே முறையில் உரிக்கலாமா?

தின்னவேலித் தோல்வேலை

ஆசிரியர் ஐயா, நீங்கள் விவரிப்பது எண்ணெயில் பதனிட்டு, மேற்படையைச் சீவிவிட்ட பஃப் தோலாக இருக்க வேண்டும். பழைய படைகளின் வெள்ளைக் குறுக்குவார்கள் அதில்தான் செய்யப்பட்டன. அதற்கு முன்னாளில் வெண்களியும், பிறகு பிளாங்கோ என்ற கட்டியும் பூசினார்கள்; இரண்டும் தூளாக மேலே நிற்பவை, தூரிகையால் தட்டினால் போகும். பெயின்ற் அப்படியில்லை. மேற்படை இல்லாத தோலாகையால் அது நாருக்குள் ஊறிப் பிடித்திருக்கும். மூங்கில் வைத்தால் தோலே பிய்ந்து வரும், கரைப்பான் வைத்தால் வெள்ளை இன்னும் உள்ளே போகும். தளர்ந்த செதில்களை மட்டும் தட்டிவிட்டு, ஒன்றிரண்டு பழைய வார்களைப் பாடசாலைக் காட்சிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மேளம் தாங்கும் சுமைக்கு வெடித்த வாரை நம்பிப் பிள்ளைகளை நடக்க விடுவது சரியில்லை. புதிய வார்களைத் தடித்த பட்டைச்சாற்றுத் தோலில் வெட்டி, பழைய பித்தளைக் கொக்கிகளைக் கழற்றி அவற்றில் மாட்டிக்கொள்ளலாம். கொக்கியின் உள்ளகலத்தையும் மேளத்தின் நிறையையும் எழுதினால், வாரின் அகலமும் தடிப்பும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.